வரிப்போர் ஆண்டில் திரில்லர் படிப்பது: கடிகாரம் எங்கே ஓடுகிறது?

பின்னட்டை (மதுரை) – நவம்பர் 15, 2025

இந்த வருடம் படித்த அமெரிக்கத் திரில்லர்களைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நாலு வரி எழுதுவதற்குள் கை செய்தித்தாள் பக்கம் போய்விடுகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன்.

மே மாதம் ஜேம்ஸ் கோமியின் 'எஃப்.டி.ஆர். டிரைவ்' வந்தது. எஃப்.பி.ஐ.யின் இயக்குநராக இருந்து 2017-ல் டிரம்ப்பால் நீக்கப்பட்டவர், இப்போது நியூயார்க் அரசு வழக்கறிஞர்களை வைத்துக் குற்றக் கதைகள் எழுதுகிறார். இது மூன்றாவது. புத்தகம் கடைக்கு வரச் சில நாட்கள் இருக்கும்போது, கடற்கரையில் '8647' என்று சிப்பிகள் அடுக்கியிருந்த படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். 47 என்பது 47-ஆவது அதிபரான டிரம்ப். 86 என்பது அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'தூக்கி எறி'. அதிபருக்கு மிரட்டல் என்று பாதுகாப்புப் பிரிவு அவரை விசாரித்தது. வன்முறை என்ற அர்த்தம் தனக்குத் தெரியாது என்று சொல்லி அவர் படத்தை எடுத்துவிட்டார். செப்டம்பர் 25-ல் வேறொரு விஷயத்தில், 2020-ல் செனட் குழுவிடம் பொய் சொன்னதாக அவர் மீது வழக்குப் பதிவானது. குற்றத்தை அவர் மறுத்தார்.

ஜூனில் பில் கிளிண்டனும் ஜேம்ஸ் பேட்டர்சனும் சேர்ந்து எழுதிய மூன்றாவது நாவல் 'தி ஃபர்ஸ்ட் ஜென்டில்மேன்'. பெண் அதிபர் ஒருவரின் கணவர் மீது கொலை வழக்கு. விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போதே மார்ச் மாதச் சம்பவம் ஞாபகம் வந்தது. ஏமன் மீது தாக்குதல் நடத்தும் திட்டத்தை உயர் அதிகாரிகள் சிக்னல் செயலியில் ஒரு குழுவில் பேசிக்கொண்டிருக்க, 'தி அட்லாண்டிக்' இதழின் ஆசிரியரைத் தவறுதலாக அதில் சேர்த்திருந்தார்கள். நாவலில் இப்படி ஒரு காட்சி வந்திருந்தால், கதாசிரியருக்கு வழி தெரியாமல் தற்செயலைப் பிடித்துத் தொங்குகிறார் என்று புத்தகத்தை மூடியிருப்பேன்.

ஆனால் என்னை உறுத்துவது இவை எதுவும் இல்லை. இறக்குமதிக்குப் போடும் வரி. 1994-ல் வந்த டாம் கிளான்சியின் 'டெட் ஆஃப் ஆனர்' நாவலை மறுபடி எடுத்தேன். டென்னசியில் ஒரு கார் விபத்து. ஜப்பானிலிருந்து வந்த பெட்ரோல் டாங்க் துருப்பிடித்திருந்ததால் பலர் எரிந்து போகிறார்கள். அந்தக் கோபத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போடுகிறது: எங்கள் சரக்கை உங்கள் நாட்டில் எப்படி நடத்துகிறீர்களோ, அதே மாதிரி உங்கள் சரக்கை நாங்கள் நடத்துவோம். 31 வருடம் கழித்து ஏப்ரல் 2 அன்று, வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் எந்த நாட்டுக்கு எவ்வளவு வரி என்று எழுதிய அட்டையை டிரம்ப் தூக்கிக் காட்டியபோது சொன்னதும் அதே 'பதிலுக்குப் பதில்' வரிதான். ஒரு வித்தியாசம். நாவலில் அது நாடாளுமன்றம் வாக்களித்த சட்டம். நிஜத்தில் ஒரே ஒருவரின் கையெழுத்து.

அந்தச் சட்டம் வந்ததும் கிளான்சிக்குப் பொறுமை போய்விடுகிறது. நீர்மூழ்கிகளும் ஏவுகணைகளும் வந்துவிடுகின்றன. எனக்கோ அந்தச் சட்டம் அமலான முதல் வாரத்தில் துறைமுகத்தில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். யாருக்கு ஃபோன் வந்தது? எந்தக் கப்பலைத் திருப்பினார்கள்? இதை எழுதிய திரில்லர் ஏதாவது உண்டா?

இரவுவண்டி – நவம்பர் 15

வரியில் என்ன திகில் இருக்கிறது சார்? கணக்குப்பிள்ளை சமாச்சாரம். குண்டு வெடித்தால் பக்கம் திரும்பும், வரி ஏறினால் யார் பக்கத்தைத் திருப்புவார்கள்? உண்மையாகவே கேட்கிறேன்.

சரக்குச்சீட்டு (நியூ ஜெர்சி) – நவம்பர் 15

இரவுவண்டி தம்பிக்கு நான் பதில் சொல்கிறேன். நியூவர்க் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். வரும் ஒவ்வொரு சரக்குக்கும் பத்து இலக்க எண் ஒன்று போட வேண்டும். எந்த எண் போடுகிறோமோ அதுதான் வரியைத் தீர்மானிக்கும். இந்தத் தொழிலில் திகில் முழுக்க அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழிக்கறிக்கு ஐரோப்பா வரியை ஏற்றியது. பதிலுக்கு அதிபர் ஜான்சன் 1964 முதல் சிறிய லாரிகளுக்கு 25% வரி போட்டார். கோழிச் சண்டை ஓய்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. லாரி மீதான வரி இன்றும் இருக்கிறது. பயணிகள் காருக்கு அடிப்படை வரி 2.5% தான். ஃபோர்டு கம்பெனி என்ன செய்தது தெரியுமா? துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் வேன்களில் பின் சீட்டும் பின் ஜன்னலும் வைத்து, பயணிகள் வண்டி என்று பால்டிமோர் துறைமுகத்தில் இறக்கியது. சுங்கம் முடிந்த கையோடு, அங்கேயே சீட்டைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டுத் தகடு அடித்து, சரக்கு வேனாக விற்றது. கழற்றிய சீட்டுகள் கழிவுக்குப் போயின. உட்காருவதற்கென்று செய்யாத சீட்டு! பல வருட வழக்கு. 2019-ல் மேல்முறையீட்டில் தோற்று, 2024-ல் 36.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இன்னொன்று. 2003-ல் நியூயார்க்கிலுள்ள சர்வதேச வணிக நீதிமன்றத்தில் எக்ஸ்-மென் என்ற காமிக்ஸ் கதைகளின் பொம்மைகள் மனிதர்களா இல்லையா என்று வழக்கு. மனித உருவப் பொம்மை என்றால் 12% வரி, மற்ற விளையாட்டுச் சாமான் என்றால் 6.8%. பொம்மை இறக்கியவர்கள் 'இவர்கள் மனிதர்களே அல்ல' என்று வாதாடி ஜெயித்தார்கள். அந்தக் கதைகளில் பாத்திரங்கள் காலமெல்லாம் போராடுவது 'நாங்களும் மனிதர்கள்தான்' என்பதற்காக. ஒரு வரிவிகிதத்துக்காக நீதிபதி ஒவ்வொரு பொம்மையாக எடுத்து, இது ஆளா இல்லையா என்று பார்த்திருக்கிறார். இதைவிட நல்ல நீதிமன்றக் காட்சியை எந்த நாவலில் படித்தீர்கள்?

இரவுவண்டி – நவம்பர் 15

சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சீட்டு விஷயம் தலைக்குள் நிற்கிறது. ஆனால் இதில் உயிர் போகிற அவசரம் இல்லையே. கடிகாரம் ஓட வேண்டாமா?

பருத்திக்காடு (திருப்பூர்) – நவம்பர் 16

கடிகாரம் ஓடுச்சுங்க. எங்க ஊர்ல ஓடுச்சு. நான் இங்கே எதுவும் எழுதினதில்லை, வாசிக்கிறதோட சரி. ஆனா அந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையர் கேட்கிற மாதிரி நூல், துணி, சாயம், பிரிண்ட், தையல் எல்லாம் சரியான நாளில் நடக்கிறதா என்று பின்னாலேயே ஓடுகிற வேலை. இந்தத் தடவை கையில் இருந்தது ஓர் அமெரிக்கப் பையரின் குழந்தைகள் டி-ஷர்ட், 14,000 பீஸ். கறுப்புத் துணியில் ஆரஞ்சு நிறத்தில் சிரிக்கிற பூசணிக்காய். ஹாலோவீன் பண்டிகைக்கு. அக்டோபர் 31 தாண்டினால் அந்தச் சட்டையை அங்கே யாரும் தொட மாட்டார்கள்.

பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் பழைய வரியே 16.5%. ஆகஸ்ட் 7-ல் இந்தியாவுக்கு 25% கூடுதல். அதற்கு முந்தின நாள், 6-ஆம் தேதி, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்காக இன்னொரு 25% என்று உத்தரவு. மொத்தம் 66.5%. மூன்று டாலர் சட்டைக்கு அரை டாலராக இருந்த வரி இரண்டு டாலர் ஆனது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது கூடுதல் 20% தான்.

இரண்டாவது 25% ஆகஸ்ட் 27-ல் அமலுக்கு வரும் என்றார்கள். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நள்ளிரவு 12:01. நமக்குக் காலை 9:31. அதற்குள் கப்பலில் ஏறிவிட்ட சரக்குக்கு அந்த இரண்டாவது 25% கிடையாது. ஆனால் அதோடு விடவில்லை. செப்டம்பர் 17-க்கு முன் அமெரிக்கச் சுங்கத்தையும் தாண்டியிருக்க வேண்டும்.

இங்கேதான் எங்கள் கழுத்தைப் பிடித்தது. தூத்துக்குடியிலிருந்து எங்கள் பெட்டி சின்னக் கப்பலில் கொழும்பு போகும். அங்கே பெரிய கப்பலில் மாற்றுவார்கள். உத்தரவுக்கு எங்களிடம் சொன்ன அர்த்தப்படி, அமெரிக்காவுக்குப் போகிற *கடைசி* கப்பலில் ஏறியிருக்க வேண்டும். தூத்துக்குடியில் ஏற்றியது கணக்கில் சேராது. கொழும்பில் ஏற்றியதுதான் கணக்கு. செங்கடல் பிரச்சினையால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகிற காலம் வேறு. ஆக உத்தரவு வந்த அன்றைக்கே கணக்குப் போட்டால், கையில் இருந்தது மூன்று வாரம் இல்லை. மூணு நாலு நாள்.

அந்த மூன்று நாளும் நான் வீட்டுக்குப் போகவில்லை. தையல் முடிந்திருந்தது. செக்கிங், அயர்னிங், பேக்கிங் பாக்கி. டெய்லர்களே உட்கார்ந்து நூல் வெட்டினார்கள். எங்கள் முதலாளியின் அம்மா, எழுபது தாண்டியவர், கம்பெனிக்கு வந்து எல்லோருக்கும் கம்பங்கூழ் ஊற்றினார். 9-ஆம் தேதி சனிக்கிழமை. சம்பள நாள். சம்பளத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி டேபிளுக்கு வந்தார்கள். ராத்திரி பதினொன்றரைக்கு லாரி கிளம்பியது. லாரி திரும்புகிற வரைக்கும் கேட்டில் முப்பது பேர் நின்றோம்.

கொழும்பில் பெரிய கப்பல் நிரம்பிவிட்டது. எங்கள் பெட்டி ரோல் ஆகிவிட்டது, அதாவது அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிட்டார்கள். அடுத்த கப்பல் நியூயார்க் போய்ச் சேருவது செப்டம்பர் 17-க்கு அப்புறம்.

இரவுவண்டி – நவம்பர் 16

அண்ணா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

எஃகுநகர் (ஒஹாயோ) – நவம்பர் 16

திருப்பூர் நண்பருக்கு நடந்தது மனதைப் பிசைகிறது. ஆனாலும் இங்கே பேசாத ஒரு பக்கம் இருக்கிறது, சொல்லியாக வேண்டும்.

யங்ஸ்டவுன் பக்கத்தில் இருக்கிறேன். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. இங்கே அதைக் 'கறுப்புத் திங்கள்' என்பார்கள். காம்ப்பெல் எஃகு ஆலையை மூடுவதாக அன்று அறிவித்தார்கள். 5,000 பேருக்கு வேலை போனது. என் பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்போது பத்து வயது. அப்பா மதிய உணவு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லுவார். 2019-ல் லார்ட்ஸ்டவுன் கார் ஆலையும் மூடியது. இந்த ஊர்க்காரர்கள் நாற்பது வருடமாக இரண்டு கட்சிகளிடமும் கேட்டது ஒன்றுதான்: எங்கள் வேலையைக் காப்பாற்ற ஏதாவது செய்யுங்கள். முதன்முதலில் வரி என்று உரக்கச் சொன்னவருக்கு ஓட்டுப் போட்டார்கள். அதைப் பேராசை என்றோ அறியாமை என்றோ சொல்ல எனக்கு மனம் வராது. சீனாவின் மீது டிரம்ப் முதல் தடவை போட்ட வரிகளை பைடன் எடுக்கவில்லை. 2024-ல் சீன மின்சாரக் கார்களுக்கு வரியை 100% ஆக்கியதும் பைடன்தான்.

திரில்லர்களில் என் ஊர் எப்போதும் துருப்பிடித்த பின்னணியாகத்தான் வருகிறது. கைவிடப்பட்ட ஆலைக்குள் ஒரு பிணம் கிடக்கும். அந்த ஆலை ஏன் கைவிடப்பட்டது என்பதை யாரும் துப்புத் துலக்குவதில்லை. எனக்கு அதுதான் கொலை.

பின்னட்டை – நவம்பர் 16

எஃகுநகர் அண்ணா, கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் சொல்வது நியாயம். எஃகுக்குப் போட்ட வரியும் இந்தியா மீது போட்ட வரியும் ஒரே சட்டத்தில் வந்தவையும் இல்லை. எஃகுக்கு 1962 சட்டம், அதற்கென்று விசாரணை, அறிக்கை எல்லாம் உண்டு.

ஆனால் ஏப்ரல் 2 அட்டையில் இருந்த எண்கள் எப்படி வந்தன என்று பாருங்கள். ஒவ்வொரு நாடும் போடும் வரியைத் தேடி எடுத்துக் கூட்டியதில்லை. அமெரிக்காவுக்கு அந்த நாட்டோடு இருக்கும் சரக்கு வணிகப் பற்றாக்குறையை, அந்த நாட்டிலிருந்து வரும் இறக்குமதியால் வகுத்தார்கள். இந்தியாவோடு 4,570 கோடி டாலர் பற்றாக்குறை, 8,740 கோடி டாலர் இறக்குமதி. வகுத்தால் 52%. அதில் பாதி 26%. அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பையன் போடும் கணக்கு. ஆள் வாழாத ஹேர்ட், மெக்டொனால்டு தீவுகளுக்கும் 10% போட்டிருந்தது. அங்கே பென்குவின்கள் இருக்கின்றன.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் அப்பாவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நீதி, இந்த வகுத்தல் கணக்கில் எப்படிக் கிடைக்கும்? பூசணிக்காய் சட்டை யங்ஸ்டவுனில் தைக்கப்படப் போவதில்லையே.

எஃகுநகர் – நவம்பர் 16

தைக்கப் போவதில்லை, உண்மை. சட்டைக்கு வரி போட்டது தப்பு என்றுதான் நானும் நினைக்கிறேன். இங்கே சோயாபீன்ஸ் விவசாயிகளும் நிறைய. மே மாதத்திலிருந்து அறுவடை வரைக்கும் சீனா புதிதாக வாங்கவே இல்லை. அக்டோபர் 30-ல் பூசானில் டிரம்ப்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்த பிறகு, வருடக் கடைசிக்குள் 1.2 கோடி டன் வாங்குவார்கள் என்று அறிவித்தார்கள். ஆலைத் தொழிலாளியும் விவசாயியும் இங்கே ஒரே குடும்பத்தில் இருக்கிறார்கள். அண்ணனுக்குக் கிடைத்ததைத் தம்பி இழந்தால் அந்த வீட்டில் யார் சந்தோஷப்படுவார்கள்? ஆனால் வரியே கூடாது என்று யாராவது சொன்னால் மட்டும் நான் எதிர்த்துப் பேசுவேன்.

சரக்குச்சீட்டு – நவம்பர் 16

எஃகுநகர் சொல்வதில் எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை. நான் பார்ப்பது அதிகாரம் யாருடையது என்பதை.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே வரி போடும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு என்று இருக்கிறது. இந்த வருட வரிகளுக்கு அதிபர் காட்டியது 1977-ஆம் ஆண்டின் சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம். அவசரநிலை அறிவித்தால் அதிபர் இறக்குமதியை 'ஒழுங்குபடுத்தலாம்' என்கிறது அது. வரி என்ற சொல்லே அதில் இல்லை. 'ஒழுங்குபடுத்துவது' என்றால் வரி போடுவதும் அடக்கமா? ஒரே ஒரு வினைச்சொல். அதன் மேல்தான் இவ்வளவும் நின்றது.

கீழ் நீதிமன்றம் மே 28-ல் இல்லை என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்ட் 29-ல் 7-க்கு 4 என்று அதையே சொன்னது. நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றத்தில் வாதம். அன்று அலுவலகத்தில் நேரடி ஒலிபரப்பை வைத்துக்கொண்டு எல்லோரும் கேட்டோம். மதியச் சாப்பாடு அப்படியே இருந்தது. இது அமெரிக்கர்கள் மீதான வரிதானே, அது எப்போதும் நாடாளுமன்றத்தின் அதிகாரமாயிற்றே என்ற பொருளில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் கேட்டபோது, எங்கள் அலுவலகத்தின் மூத்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அரசுத் தரப்பு பிடித்துக்கொண்ட பழைய வழக்கு எது தெரியுமா? 1971 ஆகஸ்டில் நிக்சன் இறக்குமதிக்கு 10% கூடுதல் வரி போட்டார். அதை எதிர்த்துப் போன கம்பெனி ஜிப் இறக்குமதி செய்கிறவர்கள். இதே மாதிரி வாசகம் உள்ள பழைய சட்டத்தின் கீழ், 1975-ல் தீர்ப்பு அரசுக்குச் சாதகமானது. உங்கள் பேண்ட்டில் இருக்கிறதே, அந்த ஜிப்.

இன்னொரு கடிகாரமும் ஓடியது, வெளியே யாரும் பேசவில்லை. சரக்கு இறங்கியபோது கட்டும் வரி தற்காலிகக் கணக்கு. வழக்கமாக 314 நாள் கழித்துத்தான் சுங்கம் கணக்கை முடிக்கும். பிப்ரவரி 4-ல் சீனச் சரக்குக்கு இந்தச் சட்டத்தில் முதல் 10% வந்தது. 314 நாள் எண்ணினால் டிசம்பர் 15. கணக்கு முடிந்துவிட்டால், தீர்ப்பு சாதகமாக வந்தாலும் பணத்தைத் திரும்பக் கேட்பது சிக்கலாகலாம் என்று சின்ன இறக்குமதியாளர்கள் எங்களிடம் தினமும் கவலைப்பட்டார்கள். ஒருவர் குழந்தைகள் நாற்காலி இறக்குகிறவர். வீட்டின் மேல் கடன் வாங்கி வரி கட்டியிருக்கிறார். வரியை வெளிநாடு கட்டுகிறது என்று தொலைக்காட்சியில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் கையெழுத்துப் போட்ட காசோலைதான் கண்ணில் வரும்.

நேற்று முன்தினம் காப்பி, வாழைப்பழம், மாட்டிறைச்சி, தக்காளி எல்லாவற்றுக்கும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். மளிகை விலை. வரி யார் தலையில் விழுகிறது என்பதற்கு அதைவிட ஒப்புதல் வாக்குமூலம் தேவையில்லை.

மேப்பிள்தெரு (மொன்றியல்) – நவம்பர் 17

பின்னட்டை கேட்ட நாவலுக்கு நான் பதில் வைத்திருக்கிறேன். நீங்கள் எல்லாரும் அமெரிக்க நாவல்களுக்குள்ளேயே தேடினபடியால் கிடைக்கவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் வாங்கோ.

லூயிஸ் பென்னி கியூபெக்கின் கிழக்கு நகரியங்களில் இருந்து எழுதுகிறவர். ஹிலாரி கிளிண்டனோடு சேர்ந்து ஒரு திரில்லர் எழுதினவரும் இவர்தான். அவருடைய துப்பறிவாளர் கமாஷின் இருபதாவது கதை 'தி பிளாக் வுல்ஃப்' போன மாதக் கடைசியில் வந்தது. கனடாவை அமெரிக்காவோடு சேர்க்கிற சதி கதைக்குள் வருகிறது. டிரம்ப் '51-ஆவது மாநிலம்' என்று கதைக்கத் தொடங்க முதலே எழுதி முடித்தது.

மார்ச்சில் அவர் ஒரு முடிவு எடுத்தார். இருபது வருடத்தில் முதல் தடவையாகப் புத்தகப் பயணத்துக்கு அமெரிக்கா போவதில்லை. வாஷிங்டனில் கென்னடி மையத்தில் நடக்க இருந்த வெளியீட்டையும் விட்டுவிட்டார். காரணம், கனடா மீது காரணமில்லாமல் தொடுக்கிற வரிப்போர். அவருடைய வாசகர்களில் பெரிய கூட்டம் அமெரிக்காவில்தான். என்ன விலை கொடுத்து எடுத்த முடிவு என்று யோசியுங்கோ.

இப்ப நான் சொல்ல வந்த இடம். ஸ்டான்ஸ்டெட் என்ற ஊரில் ஹாஸ்கெல் நூலகம் இருக்கிறது. 1904-இல் வேண்டுமென்றே எல்லைக்கோட்டின் மேல் கட்டினது. பாதி கியூபெக், பாதி வெர்மான்ட். வாசிப்பறைத் தரையில் கறுப்பு நாடா ஒட்டியிருக்கும், அதுதான் எல்லை. மேல்மாடி அரங்கில் மேடை கனடாவில், இருக்கைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில். முன்கதவு அமெரிக்கப் பக்கம். நூறு வருடத்துக்கு மேலாக நாங்கள் இந்தப் பக்கத்தால் நடைபாதையில் நடந்து, சுங்கம் ஒன்றுமில்லாமல் அந்தக் கதவால் உள்ளே போவம். வெளியே தெருவில் பூச்சாடிகளை வரிசையாக வைத்திருப்பினம், அதுதான் வேலி.

ஆறு வருடத்துக்கு முன்னம் பிள்ளைகளோடு போனனான். சின்னவளுக்கு அப்ப நாலு வயது. நாடாவின் மேல் ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, 'அம்மா, நான் இப்ப எங்க நிக்கிறன்?' என்று கேட்டாள். சோதனைச் சாவடி என்றால் என்ன என்று தெரிந்து வளர்ந்தவள் நான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நூலகர் ஒரு வயதான பெண், குனிந்து 'நூலகத்தில் நிற்கிறாய்' என்றார்.

இந்த வருடம் மார்ச்சில் அமெரிக்க அதிகாரிகள் கனடாக்காரர் அந்த முன்கதவால் வருவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். நூலக அட்டை உள்ளவர்களுக்கும் அக்டோபர் 1 மட்டும்தான். பின்பக்கம் இருந்த அவசர வழியைக் கனடாப் பக்க வாசலாக்கினார்கள். புது வாசல் கட்டப் பணம் சேர்த்தபோது பென்னி 50,000 டாலர் கொடுத்தார். இந்த நாவலில் அந்த நூலகமும் வருகிறது. அமெரிக்க வாசகர்களைக் கைவிட மனமில்லாமல், இரண்டு பக்க ஆட்களும் வரக்கூடிய அந்த அரங்கிலேயே நிகழ்ச்சியும் வைத்தார்.

வரிப்போரின் திரில்லர் எங்க என்று கேட்டால், எனக்கு அந்தக் கதவுதான். துவக்கு ஒன்றும் வேண்டாம். நேற்றுவரை திறந்திருந்த கதவு, இண்டைக்கு இல்லை.

பின்னட்டை – நவம்பர் 17

அக்கா, இதற்காகத்தான் கேட்டேன். 'தி பிளாக் வுல்ஃப்' இன்று ஆர்டர் போட்டாயிற்று. முந்தைய நாவல் 'தி கிரே வுல்ஃப்' படிக்காமல் இதைத் தொடலாமா?

மேப்பிள்தெரு – நவம்பர் 17

வேண்டாம் தம்பி. இரண்டும் ஒரே கதையின் இரண்டு பாதி. முதல் 'தி கிரே வுல்ஃப்' படியுங்கோ.

சரக்குச்சீட்டு – நவம்பர் 17

ஒரு விஷயம் சேர்க்கிறேன். இத்தனை வரியிலும் புத்தகத்துக்கு வரி ஏறவில்லை, கவனித்தீர்களா? அந்த 1977 சட்டத்தில் 1988-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். புத்தகம், படம், இசைத்தட்டு போன்ற தகவல் சாதனங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இந்த அதிகாரத்தை வைத்துத் தடுக்கக் கூடாது. எழுத்து எல்லையைத் தாண்டலாம் என்று அன்றைக்கு யாரோ கவலைப்பட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். என் மேசைக்கு வருகிற சரக்குச் சீட்டுகளில் கூடுதல் வரிக் கட்டத்தில் பூஜ்ஜியம் விழுகிற சிலவற்றில் புத்தகமும் ஒன்று. அந்தப் பூஜ்ஜியத்தைப் போடும்போது மனசு நிறைகிறது.

எஃகுநகர் – நவம்பர் 17

இது எனக்குத் தெரியாது. நன்றி.

பருத்திக்காடு தம்பி, உங்கள் பெட்டி என்ன ஆனது? கொழும்பில் ரோல் ஆனதோடு நிறுத்திவிட்டீர்கள்.

பருத்திக்காடு – நவம்பர் 18

எழுத வேண்டாம் என்றுதான் நிறுத்தினேன். கேட்டதால் சொல்கிறேன்.

பையர் முதலில் பாதி வரியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் லாபமே பீஸுக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய். முடியாது என்றோம். பெட்டியைக் கொழும்பிலேயே நிறுத்தச் சொன்னார். அப்புறம் ஆர்டர் ரத்து. செப்டம்பரில் தூத்துக்குடிக்குத் திரும்பக் கொண்டுவந்தோம். போன சரக்கு அதேதான், நம்முடையதுதான் என்று நம் சுங்கத்திடம் நிரூபிக்கவே பத்து நாளுக்கு மேல் ஆனது.

இப்போது பேக்கிங் ஹாலில் அட்டைப் பெட்டிகள் கூரைக்கு அடுக்கியிருக்கின்றன. இங்கே காதர்பேட்டைத் துணிச் சந்தை வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். பூசணிக்காயைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்றார். விலையும் பேசிவிட்டார், பீஸ் 45 ரூபாய். துணிக்கும் சாயத்துக்குமே அதற்கு மேல் போயிருக்கிறது. சரி என்றோம்.

ஆனால் அப்படியே கொடுக்க முடியாது. பையர் பெயரோடு வெளியே விற்கக் கூடாது என்பது ஒப்பந்தம். டாலர் விலை போட்ட டேக்கைக் கத்தரித்துவிடலாம். கழுத்தில் தைத்த லேபிள் என்றாலும் பிரித்துவிடலாம். இது குழந்தைகள் சட்டை, உறுத்தக் கூடாது என்று லேபிளைத் துணியிலேயே சூட்டில் ஒட்டியிருக்கிறோம். அது போகாது. அதனால் ஒவ்வொரு சட்டையையும் உள்பக்கம் திருப்பி, அந்தப் பெயரின் மேல் ஒரு கறுப்புக் கட்டம் அச்சடிக்க வேண்டும். ஒரு மெஷின், இரண்டு அக்காக்கள். அன்றைக்கு ராத்திரி கேட்டில் நின்ற முப்பது பேரில் அவர்களும் உண்டு. நேற்று மாலை எண்ணினேன். 8,200 முடிந்திருக்கிறது. இன்னும் 5,800 இருக்கிறது.